நாறும் கந்தகம், நாறாத கந்தகம்

டெங்கு காய்ச்சலில் பேரன் படுத்திருந்தபோது, எழுந்ததும் மாதேஸ்வரன் மலையில் மொட்டை போடுவதாக என் மகள் வேண்டிக்கொண்டாள். எழுந்தான். போன அமாவாசைக்கு ஈரோட்டிலிருந்து கிளம்பி பவானி, அம்மாபேட்டை, மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று போய்ச் சேர்ந்தோம். மலை இருப்பது கர்நாடகத்தில். முன்பு மைசூர் மாவட்டம், 1997-க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். ஆனாலும் அமாவாசைக் கூட்டத்தில் கன்னடத்துக்கு நடுவே கொங்குப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். எழுபத்தேழு மலைக்கு நடுவில் புலிமேல் ஏறி வந்து உட்கார்ந்த சாமிக்கு எல்லைக்கோடு ஏது. என் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு இது வழக்கம். 1993-இல் பாலாற்றில் குண்டு வெடித்த பிறகு சில வருடம் பயந்துகொண்டு போகாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

மொட்டைக் கொட்டகையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பையன் திடீரென்று கேட்டான்: “அப்பச்சி, முடியில டைசல்ஃபைடு பிணைப்பு இருக்குதாமே, உங்களுக்குத் தெரியுமா?” பிளஸ் டூ போகப்போகிறான். புத்தகத்தில் ‘வினைசெயல் தொகுதி’ என்று ஒரு பாடம் படித்திருக்கிறான். நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வினைசெயல் தொகுதி என்ற சொல் எனக்குப் புதிது. அந்தச் சாமானோடுதான் நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். சாயப்பட்டறைக்காரன் கந்தகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. பையனுக்கு அங்கே உட்கார்ந்து சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தாவது முடித்துவிட்டு 1979-இல் ஒரு நூல் சாயப்பட்டறையில் சேர்ந்தேன். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம், ஓலைக் கொட்டகை, ஆறு சிமெண்டுத் தொட்டி, இரண்டு செம்புக் கொப்பரை. அன்றைக்குக் கருப்பு என்றால் சல்பர் கருப்புதான். விலை மலிவு, வெயிலுக்கும் துவைப்புக்கும் தாங்கும். கார்த்திகை நெருங்கினால் சபரிமலைக் கருப்பு வேட்டிக்கு ஆர்டர் குவியும். ஐப்பசியில் எங்கள் கைகளைப் பார்த்தால் முழங்கை வரைக்கும் ஐயப்ப சாமிதான்.

அந்தப் பொடி தண்ணீரில் கரையாது. மாவு மாதிரி மிதக்கும். துணியிலும் ஏறாது. சோடியம் சல்ஃபைடு என்று மஞ்சளும் சிவப்புமாகச் செதில் செதிலாக டிரம்மில் வரும். அதைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கருப்பு காணாமல் போய், தொட்டி பச்சைக் கலங்கலாக மாறிவிடும். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, சாயத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். தொட்டி பார்த்துக்கொண்டிருந்த மூத்த சாயக்காரர் சிரித்தார். “கரையட்டும் கண்ணு. கரைஞ்சாத்தான் ஏறும். ஏறினப்பறம் மூடிக்கும்.”

எந்த வேதியியல் புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. சாயத்துக்குள் கந்தகமும் கந்தகமும் கைகோத்துக்கொண்டிருக்கும். பையன் சொன்ன டைசல்ஃபைடு அதுதான். சல்ஃபைடு போய் அந்தக் கையை விலக்கிவிடுகிறது. விட்ட கை ஒவ்வொன்றும் தண்ணீரில் கரைகிற தயோல் உருவத்துக்கு வந்து பஞ்சு இழைக்குள் நுழைகிறது. நூல் சிட்டத்தைத் தடியில் மாட்டித் திருப்பித் திருப்பி ஏற்றி, பிழிந்து, காற்றில் தொங்கவிட்டால் மறுபடி கைகோத்துக்கொள்கிறது. கோத்த பிறகு தண்ணீருக்கு அதை வெளியே கொண்டுவர வழியில்லை. கண்ணெதிரே பச்சை கறுத்துக்கொண்டு வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

சாயம் முழுதாகத் திறந்ததா, அதாவது கரைந்ததா என்று பார்க்க அந்த மூத்த சாயக்காரருக்கு ஒரு வழி இருந்தது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மை ஒற்றும் தாளில் விடுவார். சுற்றிலும் சீராகப் பரவினால் சரி. நடுவில் புள்ளி புள்ளியாகக் கரித்தூள் நின்றால் இன்னும் ஒரு கை சல்ஃபைடு. அவசரப்பட்டு அரைகுறையாகத் திறந்த தொட்டியில் நூலை இறக்கினால், காய்ந்த பிறகு செம்புப் பாத்திரம் மாதிரி ஒரு பளபளப்பு மேலே நிற்கும், கை வைத்தால் ஒட்டும். அந்த லாட்டை வாங்க ஆள் கிடையாது.

இந்த வகைச் சாயத்தின் பிறப்பே ஒரு விளையாட்டுப் போலத்தான். 1873-இல் பிரான்சில் குரோசான், பிரெட்டோனியேர் என்ற இருவர் மரத்தூளையும் தவிட்டையும் கந்தகத்தோடும் சோடியம் சல்ஃபைடோடும் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். பழுப்புச் சாயம் வந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கான மூலப்பொருள்களை வைத்துக் கருப்பு செய்தார்கள். இன்றைக்கும் சல்பர் கருப்பின் முழு வடிவத்தை யாரும் இதுதான் என்று சுத்தமாக வரைந்து காட்டிவிடவில்லை. உலகத்தில் இத்தனை டன் விற்கிற ஒரு பொருளுக்கு இன்னும் சரியான படம் இல்லை என்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் தீராது. பட்டறையில் வேலை பார்ப்பவன் வீட்டில் வெள்ளி நிற்காது. மனைவியின் கொலுசு, மகளின் அரைஞாண் எல்லாம் என் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கியே கறுத்துப்போகும். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து வேறு இருக்கைக்குப் போவார். அழுகின முட்டை வாடை என்பார்கள். எங்களுக்கு அது சோற்று வாடை. கந்தகத்தோடு ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் மூக்கு கண்டுபிடித்துவிடும். சமையல் வாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்று துளியூண்டு மெர்காப்டன் கலக்கிறார்கள். அதுவும் இந்த தயோல் வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் மூக்கை நம்பக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது ஒரு மழைக்காலச் சாயங்காலம். வேறொரு பட்டறையில் அப்போது வேலை. சல்பர் தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் சாக்கடைக் குழியில் நின்றது. அங்கே புதிதாக வந்த பையன், ப்ளீச்சிங் பக்கத்தில் மிச்சமிருந்த ஆசிட்டை அதே குழியில் ஊற்றிவிட்டான். சல்ஃபைடில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பொங்கும். முதலில் குப்பென்று நாறியது. அடுத்த நிமிடம் நாற்றமே இல்லை. “வாடை போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே பையன் குனிந்து எட்டிப் பார்த்தான், அப்படியே சாய்ந்தான். மூத்தவர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் காலைப் பற்றி இழுத்து வெளிக்காற்றில் போட்டார். பிழைத்துக்கொண்டான். அந்த வாயு கொஞ்சம் அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை போகவில்லை, மூக்குதான் போயிருக்கிறது. அதன் பிறகு எனக்குக் கீழே வேலைக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் நான் சொன்னது ஒன்றுதான்: நாறினால் நில்லு, நாற்றம் நின்னா ஓடு.

சல்பர் கருப்பு இன்னொரு பாடமும் வைத்திருந்தது, அதற்குக் கொஞ்சம் பணம் செலவானது. 1984 கார்த்திகைக்குப் போட்ட வேட்டியில் மிச்சம் ஒரு மூட்டையை வியாபாரி ஈரக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். அடுத்த வருடம் எடுத்துப் பிரித்தால் நிறம் அப்படியே இருக்கிறது, துணிதான் இல்லை. மடிப்பில் விரல் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. “உங்க சாயம் என் துணியத் தின்னுருச்சு” என்று என் முதலாளியிடம் பாதிக் காசைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது, அவர் சொன்னது சரி. சாயத்தில் தளர்வாக ஒட்டியிருக்கிற கந்தகம் வெப்பத்திலும் ஈரத்திலும் காற்றோடு சேர்ந்து மெதுவாகக் கந்தக அமிலமாக மாறும். பஞ்சுக்கு அமிலம் ஆகாது. கடைசி அலசலில் கொஞ்சம் சோடாவோ சோடியம் அசிடேட்டோ போட்டுவிட்டால் அந்த அமிலத்தை அது விழுங்கிவிடும். அதற்கு ஆகிற செலவு வேட்டிக்குச் சில காசு. அதை மிச்சம் பிடித்த பட்டறைகள் உண்டு, நானும் அப்படி ஒரு பட்டறையில்தான் இருந்தேன்.

ஹைட்ரோஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட் சாயத்தைத் திறக்கவும், தவறிப்போன ஷேடை உரித்தெடுக்கவும் அது வேண்டும். சோடியம் டைதயோனைட். அதிலும் கந்தகம்தான், ஆக்சிஜனோடு. டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தானே சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கும். மூக்கைக் குத்துகிற கந்தக டை ஆக்சைடு கொட்டகையை நிரப்பும். ஈரக் கரண்டியை டிரம்முக்குள் விட்ட ஒருவனால் எங்கள் ஓலைக்கூரை ஒரு முறை போய்விட்டது. தகரம் போட்டோம்.

எண்பதுகளின் கடைசியில் எல்லாம் மாறியது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஏற ஏற, வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்குச் சல்பர் கருப்பின் மங்கல் பிடிக்கவில்லை. பளிச்சென்ற நிறம் வேண்டும், நாற்பது ஷேடு வேண்டும். ரியாக்டிவ் சாயம் வந்தது. 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. முதலில் கொண்டுவந்த வகையை நாங்கள் கோல்டு பிராண்டு, ஹாட் பிராண்டு என்று சொல்வோம். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கொஞ்சம் பின்னால் ரெமசோல் என்ற பெயரில் விட்ட வகை வினைல் சல்ஃபோன். எங்கள் வாயில் வி.எஸ். சாயம். நான் முழுக்க வி.எஸ். ஆள்.

சாயக் கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் ஒருவர் மாதம் ஒரு தடவை பைக்கில் வருவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷேடு கார்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சாயத்தின் ஒரு முனையில் சல்ஃபோனிக் தொகுதி, அதாவது கந்தகத்தைச் சுற்றி மூன்று ஆக்சிஜன். அது தண்ணீர் விரும்பி. அதனால்தான் பொடி போட்டதும் சர்க்கரை மாதிரி கரைகிறது. இன்னொரு முனையில் கந்தகத்தோடு இரண்டு ஆக்சிஜன், அதன் பின்னால் ஒரு வால். சோடா ஆஷ் போட்டதும் அந்த வால் கழன்று விழும். விழுந்த இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு வாய் பிளந்து நிற்கும். பஞ்சு கிடைத்தால் பஞ்சைப் பிடிக்கும்.

“தண்ணி கெடச்சா?” என்று கேட்டேன்.

“தண்ணியையும் பிடிக்கும்” என்றார். “பிடிச்சுட்டா அதுக்கப்பறம் எதையும் பிடிக்காது.”

அந்த வார்த்தையை நான் அன்றைக்குக் காதில் வாங்கிக்கொண்டேன், மனதில் வாங்கவில்லை.

வேலை பிடித்திருந்தது. 60 டிகிரி, மணியடித்தாற்போல் நேரம், வாடையே கிடையாது. முதல் ஆறு மாதம் தப்பும் நிறைய. உப்பு ஓடி முடிவதற்குள் சோடா போட்டு, ஒரு முழு லாட் சிறுத்தைத் தோல் மாதிரி வந்தது. சாயம் சீராகப் பரவுமுன்பே வாலைக் கழற்றிவிட்டேன், எங்கே நின்றதோ அங்கேயே பிடித்துக்கொண்டது. ஹைட்ரோஸ் போட்டு உரித்து மறுபடி போட்டேன். கருப்புக்கு ரியாக்டிவ் பிளாக் 5. அதற்கு இரண்டு பக்கமும் வி.எஸ். வாய், ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். வீட்டில் வெள்ளி கறுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார். சல்பர் தொட்டிகளை உடைத்து விஞ்ச் இயந்திரம் வைத்தோம், பிறகு சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் வந்தது. நாறுகிற தொழிலை விட்டுச் சுத்தமான தொழிலுக்கு வந்துவிட்டதாக உண்மையிலேயே நம்பினேன்.

அந்த நம்பிக்கைதான் தப்பு. கணக்கைப் பாருங்கள். நூறு கிலோ துணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், ஆழ்ந்த கருப்புக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு. எண்பது கிலோ. அது சாயத்தைப் பஞ்சின் பக்கம் தள்ளுவதற்கு மட்டும்தான். துணியில் ஒரு கிராம்கூட நிற்காது. அத்தனையும் வாய்க்காலுக்கு. சாதா உப்பு வேண்டாம் என்று கிளாபர் சால்ட் போட்டால் அது சோடியம் சல்ஃபேட், அதிலும் நம் கந்தகம்தான், நாலு ஆக்சிஜனை மூடிக்கொண்டு, வாடையில்லாமல், நிறமில்லாமல். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீணாய்ப்போன சாயம் நான்கில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல். அதை அலசி எடுக்க நாலைந்து தண்ணீர், நடுவில் சோப்பு. அந்தச் சோப் ஆயிலும் ஆசிட் ஸ்லரியிலிருந்து வருவது. மணலியில் செய்கிற ஆல்கைல் பென்சீனில் சல்ஃபோனிக் தொகுதியை ஏற்றினால் ஆசிட் ஸ்லரி. தண்ணீர் விரும்பிகள் எல்லாம் தண்ணீரோடு போய், தண்ணீரை விட்டுப் பிரியமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன.

சல்பர் கருப்பு நாறியது, அதனால் ஊர் சண்டைக்கு வந்தது, நாங்களும் பயந்து பயந்து வேலை செய்தோம். வி.எஸ். நாறவில்லை. நொய்யல் ஆறு செத்தது நாறாத கந்தகத்தாலும் உப்பாலும்தான்.

1992-இல் அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில வருடத்திலேயே திருப்பூர்ச் சாயத் தண்ணீரின் தொட்டியாகிவிட்டது. அணைக்குக் கீழே விவசாயம் பார்க்கும் என் மச்சான் ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “குடிங்க மாப்பிள்ளை” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீர். நான் குடிக்கவில்லை. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள் என்று நானும் கத்தியிருக்கிறேன். அந்தச் சொம்பு ஞாபகம் வரும்போது குரல் இறங்கிவிடும்.

அதன் பிறகு பட்டறையில் என் வேலையே வேறு. ஷேடு பார்ப்பதைவிட, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பார்ப்பது அதிகம். வெளியே விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்பு என்பது எல்லை. சாயத் தொட்டியில் அதைப்போல முப்பது நாற்பது மடங்கு. அதனால் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றாகிவிட்டது. ஆர்.ஓ. வடிகட்டி, பிறகு ஆவியாக்கி, கடைசியில் கிளாபர் சால்ட் படிகமாகத் திரும்பி வரும். அதையே மறுபடி போடுகிறோம். கரண்டு பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். சுற்றட்டும், முதல் நாளிலிருந்தே சுற்றியிருக்க வேண்டியது.

சுத்திகரிப்பு ஆலையில் ஒரு நாள் பழைய நண்பனைச் சந்தித்தேன். கசடு தேங்கிய தொட்டி, இரண்டு வாரமாகக் காற்றோட்டம் நின்றுபோயிருந்தது. மூடியைத் தூக்கியதும் அதே வாடை, 1979 வாடை. சல்பர் சாயம் அந்த ஆலைப் பக்கமே வந்ததில்லை. கிளாபர் சால்ட்டின் சல்ஃபேட்டைக் காற்றில்லாத சேற்றில் ஒரு வகை பாக்டீரியா தின்று, ஆக்சிஜனை எல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடாகத் துப்பியிருந்தது. இறங்கத் தயாராக நின்ற இரண்டு பேரை மேலே வரச் சொல்லிவிட்டு, ஊதியை வைத்து அரை நாள் காற்று அடித்த பிறகு, வாயு மீட்டரை இறக்கிப் பார்த்த பிறகுதான் வேலை நடந்தது. முதலாளிக்கு அரை நாள் நஷ்டம் என்று முகம் சுருங்கியது. இப்படிப்பட்ட தொட்டியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, முன்னே போனவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த செய்தி நம் பேப்பரில் வருடா வருடம் வருகிறது. எழுதுகிறவர்கள் விஷவாயு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

சல்பர் கருப்பும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. திரவமாகவே, முன்கூட்டித் திறந்து டப்பாவில் தருகிறார்கள். சல்ஃபைடுக்குப் பதில் காஸ்டிக்கோடு குளுக்கோஸ் போட்டும் திறக்கலாம். தொட்டியில் சர்க்கரைப் பாகு வாசம் வரும். உப்பும் குறைவு. அந்த மூத்த சாயக்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மலையில் தரிசனம் முடித்து வரும்போது கம்சாளைக்காரர்கள் வெண்கலத் தாளம் தட்டி மாதப்பன் கதை பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடையில் கறுப்புக் கயிறு. “சாயம் போகாதுங்களா?” என்றேன். “போகவே போகாது சாமி” என்றான் கடைக்காரன். இரண்டு வாங்கி, ஒன்றைப் பேரனுக்குக் கட்டினேன், ஒன்றை நான் கட்டிக்கொண்டேன். பாலாறு இறங்குவதற்குள் வேர்வையில் என் மணிக்கட்டு கறுத்துவிட்டது. சரியாக அலசாத சல்பர் என்றேன். எப்படித் தெரியும் என்று பையன் பிடித்துக்கொண்டான்.

அடுத்த நாள் பட்டறை லேபுக்கு அழைத்துப் போனேன். மூன்று சோதனைக் குழாய். ஒன்றில் மலைக் கயிற்றின் துண்டு, ஒன்றில் எங்கள் வி.எஸ். கருப்பு நூல், இரண்டிலும் ஸ்டானஸ் குளோரைடும் ஆசிட்டும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, குழாயின் வாயில் லெட் அசிடேட் தோய்த்த தாளை வைத்துச் சுட வைத்தேன். மூன்றாவதற்கு முடி வேண்டும். காணிக்கை முடியில் கை வைக்கக்கூடாது, அது சாமிக்கு. பையனிடம் வேறு முடி ஏது? கத்தரிக்கோலை என்னிடமே நீட்டினான். காதோரம் ஒரு கொத்து நரையை வெட்டி, காஸ்டிக்கில் கொதிக்கவைத்து, அதில் லெட் அசிடேட்டை இரண்டு சொட்டு விட்டேன்.

கயிற்றின் தாள் பழுப்பேறிக் கறுத்தது. வி.எஸ். தாள் வெள்ளையாகவே இருந்தது. அதன் கந்தகம் ஆக்சிஜனை விட்டு வெளியே வராது. பையன் மூன்றாவது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என் நரைமுடி கிடந்த தண்ணீர் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

“அப்பச்சி, உங்க முடி கருப்பாயிருச்சு” என்றான்.